குறைமாதக் குழந்தையின் கோணல் பாதம்: தொடக்கத்தில் பொறுமை, பிரேஸ் மாட்டுவதில் பிடிவாதம்

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குப் பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தால், வீட்டார் கண் முதலில் அங்கேதான் போகும். மூச்சுக்கு வைத்திருக்கும் குழாயும், மூக்கு வழியே போகும் பால் குழாயும், மானிட்டரில் ஓடும் எண்களும் யாருக்கும் சட்டென்று புரிவதில்லை. கோணல் பாதம் மட்டும் எல்லாருக்கும் புரிகிறது. அதனால்தான் "காலுக்கு எப்போது மாவுக்கட்டு?" என்ற கேள்வி பிறந்த மறுநாளே எழுகிறது. சில மாதம் கழித்து அதே வீட்டில், நேராக்கிய பாதம் திரும்ப வளையாமல் பிடித்து வைக்கும் பிரேஸை, அதாவது கம்பி இணைத்த காலணியை, இரவு மாட்டும் நேரத்தில், "இன்றைக்கு ஒருநாள் விட்டுவிடலாமே" என்கிறார்கள். இது இரண்டும் இடம் மாறியிருக்கிறது. அவசரப்படக்கூடாத இடத்தில் அவசரம், விடக்கூடாத இடத்தில் விட்டுக்கொடுப்பு. தென்னாப்பிரிக்காவில் டர்பன், போனிக்ஸ், சாட்ஸ்வொர்த், டோங்காட் பக்கம் இருக்கும் நம் குடும்பங்களுக்காக இதை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் எது கோணல் பாதம், எது இல்லை என்பது. கர்ப்பப்பையில் இடம் நெருக்கமாக இருந்ததால் மடங்கிப்போன பாதமும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். பனிக்குடம் சீக்கிரமே உடைந்து, நீர் குறைந்து, அதனாலேயே குறைமாதப் பிரசவம் ஆன குழந்தைகளிடம் இது அதிகம். வித்தியாசம் கையில் தெரியும். மடங்கிய பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் கொண்டுபோனால் நடுக்கோட்டைத் தாண்டி வந்துவிடும், மேல்நோக்கியும் மடங்கும். குதிகாலைத் தொட்டால் எலும்பு தட்டுப்படும். உள்ளங்கால் ஓரத்திலும் குதிகாலின் பின்னாலும் ஆழமான மடிப்பு இருக்காது. இந்த வகைக்கு மாவுக்கட்டே தேவைப்படாமல் போகலாம். உண்மையான கோணல் பாதத்தில் நான்கு கோளாறுகள் சேர்ந்திருக்கும்: உள்ளங்கால் வளைவு அதிகம், முன்பாதம் உள்பக்கம் திரும்பல், குதிகால் உள்நோக்கிச் சாய்வு, குதிகால் தசைநாண் இறுகி பாதம் கீழ்நோக்கித் தொங்கல். குதிகால் எலும்பு மேலே ஏறிக்கிடப்பதால் அந்த இடத்தை அழுத்தினால் மெத்தென்று காலியாக இருக்கும்.

ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு அதிகம். பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். கிரகணத்தன்று வெளியே போனது, கத்தி எடுத்தது, படி ஏறியது என்று தாயின் தலையில் பழி போடுவது இன்னும் நம்மிடையே ஒழியவில்லை. அதற்கும் இதற்கும் துளியும் தொடர்பு கிடையாது. பரம்பரைத் தொடர்பு ஓரளவு உண்டு. கர்ப்ப காலத்தில் புகைபிடிப்பது ஆபத்தைக் கூட்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது.

குறைமாதக் குழந்தையிடம் பாதத்தோடு நிற்காமல் முழு உடம்பையும் பார்க்கவேண்டும். முதுகுத்தண்டின் அடியில் குழியோ முடிக்கற்றையோ இருக்கிறதா, மற்ற மூட்டுகளும் விறைத்திருக்கின்றனவா, விரல்களைச் சுற்றி நூல் கட்டியதுபோல் தழும்பு இருக்கிறதா, இடுப்பு மூட்டு நிலையாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் கோணல் பாதம் தனிப் பிரச்சினை இல்லை, வேறொன்றின் பகுதி. அப்போது கட்டுகளின் எண்ணிக்கையும் கூடும், திரும்ப வளையும் வாய்ப்பும் கூடும். பிறந்தபோது நேராக இருந்த பாதம் ஒரு வயதுக்கு மேல் இறுகி உள்பக்கம் திரும்பினால் அது பிறவிக் கோணல் இல்லை. மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவின் பின்விளைவாகத் தசை இறுகுவதாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு.

இப்போது உலகம் முழுக்கப் பின்பற்றுவது பான்செட்டி முறை. ஸ்பெயினின் மினோர்கா தீவில் 1914ல் பிறந்த இக்னாசியோ பான்செட்டி, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. பெரிய அறுவை இல்லாமல், வாரம் ஒருமுறை கையால் மெல்லத் திருத்தி, திருத்திய இடத்தில் மாவுக்கட்டால் பிடித்து வைப்பது. நிறைமாதக் குழந்தைக்குப் பிறந்த முதல் இரண்டு வாரத்தில் தொடங்குவது வழக்கம். குறைமாதக் குழந்தைக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்தக்கூடாது.

ஏன் என்றால், 30 வாரத்தில் பிறந்த குழந்தையின் பாதம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர்தான். நிறைமாதத்தில் 7.5லிருந்து 8 சென்டிமீட்டர். இந்த ஒன்றரை சென்டிமீட்டர்தான் கட்டு நிற்குமா வழுக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. அவ்வளவு சின்னப் பாதத்தில், திருத்துபவரின் கட்டைவிரல் நுனி வைக்கவேண்டிய எலும்பையே சரியாகத் தேடிப் பிடிக்க முடியாது. தோல் அதைவிடப் பெரிய தடை. மேல்தோல் இன்னும் முற்றாத குழந்தையில், பஞ்சின் ஒரு சுருக்கமே புண்ணாக்கிவிடும். நீர் கோத்து வீங்கிய காலுக்குக் கட்டுப் போட்டால், இரண்டு நாளில் வீக்கம் வடிந்ததும் கட்டு தொளதொளவென்று ஆகிவிடும். இவற்றுக்கு மேல் உடல் சூடு. மாவு இறுகும்போது முதலில் சூடேறும், பிறகு ஈரம் காய்கிற நேரமெல்லாம் காலைக் குளிரவைக்கும். தன் சூட்டைத் தானே காக்க முடியாமல் இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைக்கு ஈரக் கட்டு சின்ன விஷயமல்ல.

அதனால் பொதுவான நடைமுறை இது: மூச்சு நிலைப்படவேண்டும், மூச்சு நின்று நின்று வருவது ஓயவேண்டும், பால் முழுவதும் ஏறவேண்டும், எடை தினமும் கூடவேண்டும், திறந்த தொட்டிலில் சூடு நிற்கவேண்டும். பெரும்பாலும் அது நிறைமாதக் கணக்கை நெருங்கும் சமயம், வீட்டுக்கு அனுப்பும் சமயம். வார்டில் பல மாதம் தங்கவேண்டிய குழந்தைக்கு, மற்றபடி நிலையாக இருந்தால், வார்டிலேயே தொடங்குவதும் உண்டு. அதைக் குழந்தை மருத்துவரும் எலும்பு மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யவேண்டும். 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 10 வார வயதில் முதல் கட்டு போட்டால், திருத்திய வயதில், அதாவது பிறந்திருக்கவேண்டிய நாளிலிருந்து எண்ணும் வயதில், அது பிறந்த நாள்தான். பத்து வாரம் பாழாய்ப்போனதாக யாரும் நினைக்கவேண்டாம். சில மாதம் கழித்துத் தொடங்கினாலும் இந்த முறை நன்றாகவே வேலை செய்யும்.

காத்திருக்கும் நாட்களில் செய்யவேண்டியதும் உண்டு. கோணல் பாதத்தில் ஊசிக்குழாய் குத்துவதை, வேறு இடம் கிடைக்கும்போது, தவிர்க்கச் சொல்லிக் கேட்கலாம். பாதத்தின் மேல்பக்கம் போட்ட ஊசியிலிருந்து மருந்து வெளியே கசிந்து தோல் வெந்துபோனால், அந்தப் புண் ஆறும்வரை மாவுக்கட்டே போட முடியாது. சர்க்கரை பார்க்கக் குதிகாலில் குத்துவதை நிறுத்த முடியாது, அது உயிருக்கான விஷயம். குதிகாலின் பக்கவாட்டில் குத்தவேண்டும், இடத்தை மாற்றி மாற்றிக் குத்தவேண்டும். டேப் ஒட்டிக் காலைத் திருப்பி வைப்பது, துணியால் இறுக்கிச் சுற்றுவது, பலகை வைத்துக் கட்டுவது எதுவும் கூடாது. டேப்பைப் பிரிக்கும்போது குறைமாதத் தோல் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு சொல். எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் நேராகிவிடும் என்று ஆயா சொன்னால், அதில் பாசம்தான் இருக்கிறது. ஆனால் உருவும்போது கணுக்காலிலிருந்து பாதத்தை வெளியே திருகுகிறோம். அப்போது மென்மையான எலும்பு நசுங்கும், கோணல் மூட்டு அப்படியே இருக்கும். டாக்டர் சம்மதித்த பிறகு ஆயாவின் கை முதுகுக்கும் கைகளுக்கும் தொடைக்கும் போகட்டும். கோணல் பாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கட்டு போடுவது எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பாதத்தைப் பிடிக்க, ஒருவர் மாவைச் சுற்ற. அறை சூடாக இருக்கவேண்டும், காற்றாடியும் ஏசியும் அணைந்திருக்கவேண்டும். குழந்தையின் தலைக்குக் குல்லா, உடம்புக்குப் போர்வை, திறந்திருப்பது கால் மட்டும். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி கையில் மாட்டியிருக்கவேண்டும். பால் கொடுக்கும் நேரத்தோடு பொருந்துமாறு வருவது நல்லது. பசியோடு வந்து, கட்டு போடும்போது தாய்ப்பால் குடிக்கும் குழந்தை காலைத் தளர்த்திக் கொடுக்கும். காலைத் தளர்த்திய குழந்தைக்குத்தான் நல்ல கட்டு போட முடியும். இனிப்புநீர்ச் சொட்டு கொடுப்பதாக இருந்தால் குழந்தை மருத்துவரிடம் கேட்டுத்தான்.

திருத்துபவர் ஒரு கையின் கட்டைவிரலைக் கணுக்காலுக்கு முன்னால், வெளிப்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் தாலஸ் எலும்பின் தலையில் வைக்கிறார். அது அச்சாணி. மறு கை முன்பாதத்தை அந்த அச்சைச் சுற்றி வெளிப்பக்கம் கொண்டுபோகிறது. குதிகாலை யாரும் பிடித்து இழுப்பதில்லை, அது தானாகவே பின்தொடர்ந்து நேராகும். முதல் கட்டில் செய்வது வேறு: பெருவிரலின் அடிப்பக்கத்தை மேலே தூக்கி, உள்ளங்கால் வளைவைத் தளர்த்துவது. அதனால் முதல் கட்டு முடிந்ததும் பாதம் முன்னைவிட அதிகமாக உள்பக்கம் புரண்டதுபோல் தெரியும். வீட்டார் பதறிப்போகிறார்கள். அது சரியான கட்டுதான். பாதத்தின் உள்ளோரத்தை அழுத்தித் தரையைப் பார்க்கத் திருப்புவதுதான் தவறு, அப்படிச் செய்தால் வளைவு இன்னும் ஆழமாகும்.

பஞ்சு மெல்லியதாக, சுருக்கமில்லாமல், ஒரு சுற்று பாதி மேல் பாதியாக ஏறவேண்டும். பஞ்சு தடித்தால் பாதம் உள்ளே நகரும், அச்சு பிடிக்காது. மாவுச்சுருள் 5 சென்டிமீட்டர் அகலம் போதும். தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக்கூடாது, சூடு கூடினாலும் சுற்று அதிகமானாலும் இறுகும்போது தோல் வேகும். அதே காரணத்தால் மாவு இறுகும் நேரத்தில் காலைத் தலையணை மேலோ போர்வைக்குள்ளோ வைக்கக்கூடாது. முதலில் முழங்கால் கீழ்வரை போட்டு, இறுகியபின் முழங்காலை 90 பாகை மடக்கித் தொடை மேல்வரை முடிக்கவேண்டும். முழங்காலுக்குக் கீழே நின்றுவிடும் கட்டு குழந்தைக்குத் தங்காது, பாதத்தின் சுழற்சியையும் பிடித்து வைக்காது. விரல்களின் மேல்பக்கம் முழுவதும் திறந்து, அடியில் மட்டும் மாவு தாங்கவேண்டும். ஆண் குழந்தையாக இருந்தால் தொடை இடுக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைமாத ஆண் குழந்தைகளுக்குக் குடலிறக்கம் அதிகம், கட்டின் மேல்விளிம்பு அந்த வீக்கத்தில் உரசக்கூடாது.

எடை விஷயத்தில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த வயதில் குழந்தை நாளுக்கு 20லிருந்து 30 கிராம் ஏறினாலே நல்ல வளர்ச்சி. கட்டின் எடை அதைப் பல மடங்கு மிஞ்சும். அதிலும் ஈரக் கட்டு கனமாக இருக்கும், காயக் காய எடை குறையும். முதல் நாள் கட்டோடு எடை பார்த்து, மூன்றாம் நாள் மறுபடி பார்த்தால் குழந்தை இளைத்ததுபோல் எண் காட்டும். பால் போதவில்லை என்று தாய் அழுவதும், தேவையில்லாமல் புட்டிப்பால் தொடங்குவதும் இதிலிருந்து வருகிறது. கட்டைப் பிரித்து, புதுக் கட்டு போடுவதற்கு முன், கால் வெறுமையாக இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் எடை பாருங்கள். வாரம் ஒரு எண் போதும், அது உண்மை எண். மருந்தின் அளவையும் அந்த எடையை வைத்தே கணக்கிடவேண்டும்.

தடுப்பூசிக்கும் அதே நாள்தான் வசதி. இங்கே 6, 10, 14 வார ஊசிகள் தொடையில் போடப்படுகின்றன, குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியை வைத்துத்தான், திருத்திய வயதை வைத்து அல்ல. தொடை முழுக்க மாவில் இருந்தால் நர்ஸ் திருப்பி அனுப்பிவிடுவார், ஊசி தள்ளிப்போகும். கட்டு மாற்றும் நாளோடு முன்கூட்டியே பொருத்துங்கள், கட்டு போடுபவரிடமும் ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். கண்ணின் விழித்திரைப் பரிசோதனையை மட்டும் அதே நாளில் வைக்கவேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பரிசோதனையே சின்னக் குழந்தையைச் சோரவைத்துவிடும்.

வீட்டில் கட்டைப் பார்த்துக்கொள்வதில் எல்லாமே விரல் நுனியில்தான். முதல் நாள் மணிக்கு ஒருமுறை, பிறகு ஒவ்வொரு முறை நாப்கின் மாற்றும்போதும், பெருவிரலை மெல்ல அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு மூன்று வினாடியில் மறுபடி சிவக்கவேண்டும். நம் குழந்தைகளின் கருநிறத் தோலில் விரலின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கமும் நகமும் தெளிவாகக் காட்டும். நிறம் திரும்பவில்லை, விரல் நீலம் பாய்ந்திருக்கிறது, சில்லென்று இருக்கிறது, வீங்கியிருக்கிறது என்றால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். குறைமாதக் குழந்தை வலிக்கு வீறிட்டு அழும் என்று எதிர்பார்க்கவேண்டாம். பால் குடிப்பது குறையும், சோர்ந்து கிடக்கும். கட்டிலிருந்து கெட்ட வாடை வந்தாலோ கறை ஊறினாலோ உள்ளே புண் இருக்கிறது.

அடுத்து, வழுக்கும் கட்டு. குறைமாதக் குழந்தையிடம் அதிகம் கெடுவது இங்கேதான். குதிகால் சின்னது, தொடை மெலிது, பிடிப்பு குறைவு. கட்டு போட்ட அன்றே எல்லா விரல்களும் எதுவரை தெரிகின்றன என்று கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் அதோடு ஒப்பிடுங்கள். விரல்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தால் கால் மேலே ஏறிவிட்டது, குதிகால் தன் இடத்தில் இல்லை. அந்தக் கட்டு அதன்பிறகு திருத்துவதில்லை, கெடுக்கிறது. குதிகால் மேலேறிய நிலையில் முன்பாதம் நசுங்கி வீங்கும், பெருவிரல் குட்டையாகி மேல்நோக்கி நிமிரும், உள்ளங்காலின் குறுக்கே முழு அகலத்துக்கும் ஆழமான கோடு விழும். இப்படி ஆன பாதத்தைத் திருத்தும் முறையே வேறு, வீக்கம் வடியச் சில வாரம் கட்டே போடாமல் விடவும் நேரும். வழுக்கிய கட்டை அடுத்த வாரம்வரை வைத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லி எடுத்துவிடவேண்டும்.

தூரத்தில் இருப்பவர்கள் முதல் நாளே ஒரு உதவி கேட்டு வையுங்கள்: மாவுச்சுருளின் கடைசி நுனி தெரியுமாறு விடச் சொல்லுங்கள். அவசரத்தில் வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் வினிகர் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்தால் மாவு இளகும், அந்த நுனியிலிருந்து பிரித்துவிடலாம். உடம்பின் மற்ற பகுதி நனையாமல், குளிராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோல், கத்தி எதுவும் வேண்டாம். வழக்கமான மாற்றத்துக்கு முந்தைய இரவே பிரித்துவிடும் பழக்கமும் வேண்டாம். ஓர் இரவில் பாதம் திருத்தத்தில் கொஞ்சம் இழந்துவிடும். மருத்துவமனையில் அன்று காலை பிரித்து, உடனே அடுத்ததைப் போடுவதே சரி.

டர்பன் கரையோரத்தில் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் மாவு காய இரண்டு நாள்கூட ஆகும். ஹீட்டர், முடி உலர்த்தும் கருவி வைத்து அவசரப்படுத்தினால் மேல்பக்கம் மட்டும் காய்ந்து வெடிக்கும், உள்ளே தோல் புழுங்கும். காற்றோட்டமான இடத்தில் கட்டைத் திறந்து போட்டு, குழந்தையை அடிக்கடி பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். நாப்கினைக் கட்டின் விளிம்புக்கு மேலே, சின்ன அளவில் போட்டால் சிறுநீர் உள்ளே இறங்காது.

கட்டு போட்ட பிறகும் தாயின் மார்போடு அணைக்கும் கங்காரு பராமரிப்பை நிறுத்தவேண்டாம். ஈரம் காய்ந்தபின் குழந்தையை வழக்கம்போல் தவளை நிலையில் வைத்து, கட்டின் கனம் இடுப்பை இழுக்காமல் இரு பக்கமும் சுருட்டிய துணி தாங்கட்டும். சொரசொரப்பான விளிம்பு தாயின் வயிற்றில் உரசாமல் நடுவில் ஒரு மெல்லிய துணி போதும். முதுகில் கட்டிச் சுமக்கும் இங்கத்திய வழக்கத்தை இந்த வாரங்களில் தவிர்ப்பது நல்லது, மாவின் கனம் முழுக்க இடுப்பு மூட்டில் தொங்கும்.

வழக்கமாக 5லிருந்து 7 கட்டில் பாதம் 60, 70 பாகை வெளிப்பக்கம் திரும்பிவிடும். வேகமாக வளரும் குறைமாதக் குழந்தைக்கு ஏழு நாளுக்குப் பதில் ஐந்து நாளில் மாற்றச் சொல்வார்கள், அது நல்லதுதான். முன்னேற்றத்தை பிரானி மதிப்பெண் என்ற அளவில் குறிப்பார்கள். ஆறு அடையாளங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 0.5 அல்லது 1. மொத்தம் 6 என்றால் மிகக் கடுமை, 0 என்றால் நேர்ப் பாதம். ஒவ்வொரு வாரமும் அந்த எண்ணைக் கேட்டு, குழந்தையின் வளர்ச்சியையும் தடுப்பூசியையும் குறிக்கும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு மூன்று கட்டுக்குப் பிறகும் எண் இறங்கவில்லை என்றால் ஏதோ சரியில்லை, காரணம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கடைசியில் குதிகால் இறுக்கம் மட்டும் மிஞ்சும். பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணை வெட்டித் தளர்த்தவேண்டியிருக்கும். மிகச் சிறிய கத்தி, குதிகாலுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே ஒரு குத்து, ஓரிரு நிமிட வேலை. தையல் கிடையாது. வெட்டிய நாண் மூன்று வாரத்தில் நீளமாக வளர்ந்து சேர்ந்துவிடும், அதுவரை கடைசி மாவுக்கட்டு. இங்கே குறைமாதக் குழந்தைக்குத் தனிக் கவனம் வேண்டும். கர்ப்ப வாரமும் பிறந்தபின் ஆன வாரமும் சேர்த்து ஏறக்குறைய 60 வாரம் ஆகும்வரை, முழு மயக்கம் கொடுத்தால் அதன்பின் மூச்சு நிற்கும் ஆபத்து உண்டு. அதனால் முடிந்தவரை அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்வதே மேல். மயக்கம் தவிர்க்க முடியாவிட்டால் அன்றிரவு கண்காணிப்பில் தங்கவேண்டும், காலையில் செய்து மாலையில் வீட்டுக்கு என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். மரக்கவைக்கும் எல்லாக் களிம்பும் குறைமாதக் குழந்தைக்கு ஆகாது. பிரிலோகெய்ன் கலந்த களிம்பு இரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கலாம். எத்தனை வாரத்தில் பிறந்த குழந்தை என்பதை அன்று மறுபடி வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இந்தக் கடைசிக் கட்டு போடுவதற்கு முன்பே பிரேஸுக்கு அளவு கொடுத்துவிடவேண்டும். மாவு பிரிக்கும் நாளில் காலணி கையில் இல்லையென்றால், காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் திருத்தம் கரையும். குறைமாதக் குழந்தைக்கு மிகச் சின்ன அளவுக் காலணியே பெரிதாக இருக்கக்கூடும். அப்போது பொருந்தாத காலணியை மாட்டுவதைவிட, பாதம் வளரும்வரை இன்னும் ஓரிரு கட்டில் பிடித்து வைப்பது மேல்.

பிரேஸ் என்பது இரண்டு காலணியும் அவற்றை இணைக்கும் ஒரு கம்பியும். கோணல் பாதம் 60லிருந்து 70 பாகை வெளிப்பக்கம் பார்க்கவேண்டும். ஒரு காலில் மட்டும் கோணல் என்றால் நல்ல கால் 30லிருந்து 40 பாகை. குதிகாலுக்குக் குதிகால் இருக்கும் அகலம் குழந்தையின் தோளளவு. கம்பி குட்டையாக இருந்தால் குழந்தை ஓயாமல் முரண்டு பிடிக்கும், அதைப் பிடிவாதம் என்று நினைத்துக் கழற்றிவிடுகிறார்கள். முதலில் தோளை அளந்து பாருங்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு இரவுத் தூக்கமும் பகல் தூக்கமும் சேர்ந்து 12லிருந்து 14 மணி நேரம், நாலைந்து வயதுவரை. இந்த மூன்று மாதத்தைக் காலணி மாட்டிய நாளிலிருந்து எண்ணவேண்டும், பிறந்த தேதியிலிருந்து அல்ல.

மாட்டுவதற்கும் முறை உண்டு. விரல் நுனியில் தையல் உறுத்தாத பருத்திக் காலுறை. கோணல் அதிகமுள்ள காலை முதலில் மாட்டுங்கள். முழங்காலை மடக்கி, கணுக்காலுக்கு முன்னால் கட்டைவிரலால் அழுத்தி, குதிகாலைக் காலணியின் பின்மூலைக்குத் தள்ளுங்கள். காலணியின் நாக்கைப் படியவைத்து, நடுப்பட்டையை முதலில் இறுக்குங்கள். குதிகாலைத் தாழ்த்திப் பிடிப்பது அந்தப் பட்டைதான். காலணியின் பின்னால் இருக்கும் துளை வழியே குதிகால் கீழே அமர்ந்திருக்கிறதா பாருங்கள். அமரவில்லையென்றால் மற்ற பட்டைகளை இறுக்கிப் பயனில்லை, கழற்றி மறுபடி தொடங்குங்கள். பிறகு விரல் பக்கப் பட்டை, கணுக்கால் பட்டை, கடைசியில் நடுப்பட்டையை இன்னும் ஒரு துளை. அதன்பிறகே கம்பி. புண் வருவது பெரும்பாலும் தளர்வாகக் கட்டியதால்தான். குதிகால் மேலும் கீழும் வழுக்கி உரசும்.

கழற்றியபின் தோலில் தெரியும் சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவேண்டும். மறையாத சிவப்பும் கொப்புளமும் பொருத்தம் தப்பு என்பதற்கு அடையாளம். அங்கே எண்ணெய், லோஷன், பவுடர் எதுவும் வேண்டாம். எண்ணெய் தோலை மென்மையாக்கி எளிதில் கிழியவைக்கும். ஆயாவின் எண்ணெய்க் குளியல் அந்த ஒரு மணி நேர விடுமுறையில் நடக்கட்டும், ஆனால் பாதத்தைத் தவிர்த்து. கோயிலில் காலணி கழற்றவேண்டுமே என்று தயங்குபவர்கள் அந்த ஒரு மணி நேரத்தைக் கோயிலுக்கு வைத்துக்கொள்ளலாம். தைப்பூசக் காவடி நாள் முழுக்க நீண்டால், குழந்தை பிரேஸோடுதான் இருக்கவேண்டும். அது மருந்து, செருப்பு அல்ல.

முதல் ஓரிரு இரவு அழுகை இருக்கும். இரண்டு காலும் சேர்ந்தே அசையவேண்டும் என்பது குழந்தைக்குப் புதிது. கம்பியைப் பிடித்து இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள், கற்றுக்கொள்ளும். கம்பிக்குத் துணி சுற்றினால் தொட்டிலிலும் உங்கள் விலாவிலும் இடிக்காது. அழுகைக்காகக் கழற்றினால், அழுதால் கழற்றுவார்கள் என்பதைத்தான் குழந்தை கற்கும்.

பாதம் நேராகத் தெரிவதால் இனிப் போதும் என்று நிறுத்துவதுதான் திரும்ப வளைவதற்கு முதல் காரணம். முதலில் இறுகுவது குதிகால்: பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் 15 பாகைகூட வராது. காலணியில் குதிகால் அமர மறுக்கும். பிறகு குதிகால் உள்சாய்வு, நடக்கும்போது வெளியோரத்தில் மிதிப்பது. இதில் எது தெரிந்தாலும் உடனே போனால் இரண்டு மூன்று கட்டில் சரியாகிவிடும். இரண்டரை வயதுக்கு மேல் நடக்கும்போது பாதம் உள்நோக்கிப் புரண்டுகொண்டே இருந்தால், காலின் முன்பக்கத் தசைநாண் ஒன்றை வெளிப்பக்கம் மாற்றிவைக்கும் அறுவை உண்டு. நடை தாமதமானால் பதறவேண்டாம், திருத்திய வயதை வைத்துக் கணக்கிடுங்கள். கோணல் பாதக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஓரிரு மாதம் பிந்தி நடப்பது வழக்கம்தான்.

இந்த நாட்டில் மருத்துவக் காப்பீடு இல்லாத ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. போனிக்ஸ் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையில் பிறந்தாலும் சாட்ஸ்வொர்த் ஆர்.கே.கான் மருத்துவமனையில் பிறந்தாலும், கோணல் பாதத்துக்கான பான்செட்டிக் கிளினிக் எங்கே, எந்தக் கிழமை என்று வீட்டுக்கு அனுப்பும் நாளன்றே கேட்டு, பரிந்துரைக் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே இயங்கும் ஸ்டெப்ஸ் என்ற தொண்டு அமைப்பு கிளினிக்குகளுக்கும் பெற்றோருக்கும் உதவுகிறது. கடிதத்தில் நான்கு விஷயம் இருக்கிறதா பாருங்கள்: எத்தனை வாரத்தில் பிறந்தது, மூச்சு நின்ற வரலாறு உண்டா, இடுப்பு மூட்டு ஸ்கேன் முடிந்ததா, இப்போதைய பிரானி எண் என்ன. எலும்புப் பிரிவில் குழந்தையை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு வார்டுக் கோப்பு கையில் இருக்காது. அவர் முன்னால் இருப்பது இந்த ஒரு தாள்தான்.